வலையைத் தொட்ட தொப்பை

எங்கள் போதகர் எம்புகிற உயரத்தைப் பார்த்து மேகங்கள் இரண்டு வழிவிட்டு ஒதுங்குகின்றன. என் கண்ணாலேயே பார்க்கிறேன். இரண்டு சபைக்கும் புள்ளிகள் சமம், இந்தப் பந்தை வென்றவருக்கே வாலிபால் கோப்பை. அவர் அடித்த அடியில் பந்து எதிர்ப்பக்கம் விழுந்து புழுதி எழுகிறது. இதுவரை கோப்பையைத் தொட்டே அறியாத எங்கள் பாடகர் குழு துள்ளிக் குதிக்கிறது. காலையில் பொய்யைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கித்த போதகர் மட்டும் கையைத் தூக்கியபடி நிற்கிறார். "பாயிண்ட் அவங்களுக்கு. நான் வலையில பட்டுட்டேன்."

நாற்காலிமேல் நிற்கும் நடுவர் அவருடைய மனைவிதான். "தப்ப ஒத்துக்கறது இவரா? வெயில் மண்டையில ஏறியிருக்கும். எது பட்டுச்சு, கையா காலா?"

போதகர் முகம் தக்காளியாகிறது. கல்யாணமான நாளிலிருந்து தனக்குத் தொப்பையே கிடையாது, துவைத்துத் துவைத்துச் சட்டைதான் சுருங்குகிறது என்று சாதிப்பவர் அவர். 'சும்மா இருங்க ஐயா' என்று எங்கள் ஆட்கள் கண்ணாலேயே கெஞ்சுகிறார்கள்.

"தொப்பை," என்கிறார், தரையைப் பார்த்து.

"காதுல விழல."

"என் தொப்பைதாம்மா பட்டுச்சு."

பக்கத்துத் தெரு நாய்கூடக் குரைப்பதை நிறுத்துகிறது. போதகரம்மா அவரையே வெறித்துப் பார்க்கிறார், விசில் ஊதுகிறார், எதிர்ப்பக்கம் கை காட்டுகிறார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தொப்பை இருக்குன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு," என்கிறார் மெதுவாக. "நானும் என் காதாலயே கேட்டேன்."