அதிகாரியின் மூன்று விரல்கள்

"மார்ச் 12, வியாழன். இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன். இல்லாத மூன்று விரல்களை வரைந்துவிட்டேன். கை தன்பாட்டில் போய்விட்டது."

ஜெர்மனியின் எசன் நகரில் மாலை நேர ஓவிய வகுப்புக்குப் போகும் ஜெனிற்றா குறிப்பேட்டில் இப்படி எழுதினாள். அருங்காட்சியகத்தில் தொங்கும் பழைய கொரிய அதிகாரியின் படத்தை அங்கேயே உட்கார்ந்து பார்த்து வரைவதுதான் இந்தத் தவணை வேலை. இளமையில் அவர் வாளேந்திய படைத்தளபதி, பிறகு தூரிகையால் ஆணைகள் எழுதிய அமைச்சர். படத்தில் அவருடைய இரண்டு கைகளும் பட்டு அங்கிக்குள் மறைந்திருந்தன.

"மனுசன்ரை கையைப் பிடிச்சு வெளியிலை இழுத்துப் போட்டியே!" என்று பக்கத்தில் வரைந்த பிளோறன்ஸ் அக்கா சிரித்தார். ஒரு பிழை இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில் படம் வைக்கப்படாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

அழிப்பதற்கு முன் இன்னொரு தடவை சரிபார்க்க, வெள்ளி மாலை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். படத்தின் முன் நின்று இரண்டு தடவை எண்ணினாள். தன் கண்ணை அவள் என்றைக்குமே நம்பியதில்லை.

"அக்கா, எத்தினை விரல் தெரியுது?"

"மூண்டு. அப்ப நீ கீறினது சரிதானே! நான்தான் வடிவாப் பாக்கேல்லை."

தன் படத்துக்கு அவள் கலந்தபோது மஞ்சள் கொஞ்சம் கூடிப்போன அதே நிறம்தான் அந்த விரல்களிலும் இருந்தது. கீழே கடையில் விற்ற அதே படத்தின் அஞ்சலட்டைகளில் மட்டும் அங்கி மூடியே இருந்தது. ஜெனிற்றா துள்ளிக் குதிக்காத குறை. டிராமில் ஏறி உட்கார்ந்ததும் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"நாளை: அழிக்க வேண்டியதில்லை. மிச்சம் இரண்டு விரல்களையும் வரைய வேண்டும். கையில் வாளைக் கொடுப்பதா, தூரிகையைக் கொடுப்பதா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும்."