துண்டுக்குள் பேசிய சம்பளம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு எம்.ஏ. இருந்தான். ஊர் மீனாட்சிபுரம். எம்.ஏ.யின் பெயர் ஈஸ்வரமூர்த்தி. பட்டணத்தில் சரித்திரம் படித்து முடித்து வந்தவன், ஒரு வருஷமாக வீட்டில்தான் இருந்தான்.

அவன் அப்பா கருப்புசாமி மாட்டுத் தரகர். மகன் படிக்கப் போன அன்றைக்கே, அவனுக்குத் தாசில்தாரைவிடக் கூடச் சம்பளம் வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தேவிகுளம் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை வந்தபோது, அந்தச் சம்பளம் அங்கே குளிருக்குக் கம்பளி வாங்கவே பத்தாது என்றார். பள்ளிக்கூடத்து வேலை வந்தபோது, அ, ஆ சொல்லிக் கொடுக்க எம்.ஏ. எதற்கு என்றார். அப்புறம் எந்த வேலையும் வரவில்லை.

மகனும் மறுத்துப் பேசவில்லை. அப்பனுக்கேற்ற தலைக்கனம் என்று ஊர் முடிவு கட்டியது.

"ராசாக்களே ராச்சியம் போயி சும்மா உக்காந்திருக்காங்க," என்பார் டீக்கடைக் குப்பண்ணன். "அவங்க கதையப் படிச்சவனுக்கு மட்டும் வேலை எங்கீங்க இருக்கும்?"

கடையே சிரிக்கும். கருப்புசாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்.

அப்படியிருக்கும்போது ஒரு சந்தை நாளில், பாலக்காட்டு மொத்த வியாபாரி அலியார் ராவுத்தர் வண்டிக் காளை வாங்க வந்தார். கொச்சிக் கம்பெனிகளுக்கு இங்கிலீஷில் எழுத அவருக்குப் படித்த ஆள் ஒருவன் தேவை என்பது ஊருக்கே தெரியும். கருப்புசாமி மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சலவைச் சட்டையும் வேட்டியுமாக ஈஸ்வரமூர்த்தி மாடுகளுக்கு நடுவே நின்றான்.

மாட்டு விலையை வாய்விட்டுப் பேசுகிற வழக்கம் அங்கே கிடையாது. தரகர் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். வாங்குகிறவர் அதற்குள்ளே கையை விடுவார். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ரூபாய். மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. முடிந்த பிறகும் யாரும் கேட்பதில்லை.

காளை ஜோடிக்கு விலை முடிந்தது. ராவுத்தர் கையை எடுக்கப் போனார். கருப்புசாமி விடவில்லை.

"பையன் விசயத்தையும் இப்படியே பேசிப்போடலாமுங்க ராவுத்தரே."

ராவுத்தர் பையனைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். கையை உள்ளேயே வைத்துக்கொண்டார். கருப்புசாமி அவர் காதோரம் குனிந்து என்னவோ முணுமுணுத்தார்.

சந்தை அப்படியே திரண்டு வந்துவிட்டது.

"பல்லுப் பாத்தாச்சுங்களா?" என்று ஒருவர் விசாரித்தார்.

"பல்லு, சுழி எல்லாம் சுத்தமுங்க," என்றார் குப்பண்ணன். "படுத்தா மட்டும் எந்திரிக்காது."

ஈஸ்வரமூர்த்திக்குக் காது சிவந்துபோயிற்று. காய்கறிக் கூடையோடு நின்ற பக்கத்து வீட்டு நாச்சம்மாள், பெத்த மகனைக் காளையாட்டம் விலை பேசுகிறாரே, இப்படியுமா ஒரு பணத்தாசை என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

துண்டுக்குள்ளே என்ன நடந்ததோ, வெளியே நடந்தது இதுதான். கருப்புசாமி முடியாது என்று தலையாட்டினார். ராவுத்தரும் ஆட்டினார். கருப்புசாமி வானத்தைப் பார்த்தார். ராவுத்தர் பெருமூச்சு விட்டார். கருப்புசாமி கையை உருவப் பார்த்தார். ராவுத்தர் இழுத்துப் பிடித்தார். காளை ஜோடிக்கு ஆனதைவிட அதிக நேரம் ஆயிற்று.

கடைசியில் ராவுத்தர், "சரி கருப்புசாமியண்ணே, நீங்களே ஜெயிச்சீங்க," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

துண்டு தோளுக்குப் போயிற்று. கருப்புசாமி நேராகக் குப்பண்ணன் கடைக்கு நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. எவ்வளவு என்று அவரிடம் கேட்க முறையில்லை. அதனால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தாசில்தாரில் ஆரம்பித்த சம்பளம், டீ வருவதற்குள் கலெக்டரைத் தாண்டிவிட்டது.

ஈஸ்வரமூர்த்தி மட்டும் ராவுத்தர் பக்கத்தில் வந்து நின்றான்.

"முதலாளி, அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எதைத் தம்பி?"

"போன வாரம் நான் உங்க கடைக்கு வந்து, குமாஸ்தாச் சம்பளமே போதுமுங்க, அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாமுன்னு கேட்டுக்கிட்டதை. தெரிஞ்சா ஊருக்குள்ள தலை நிமிர மாட்டாருங்க."

"சொல்லலையே."

"அப்புறம் அவரு எவ்வளவுதான் கேட்டாருங்க?"

ராவுத்தர் காளைகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு விரலைக்கூடத் தொடலை. கையைப் பிடிச்சுக்கிட்டு, காதுக்குள்ள, 'குடுக்கறதைக் குடுங்க, தாசில்தார்னு பீத்துனது நானு, ஊரு சிரிக்கறது அவனை. கொஞ்ச நேரம் தலைய மட்டும் ஆட்டிட்டு நில்லுங்க, அவனுக்குத் தெரிய வேண்டாம்'னாரு. உங்க ரெண்டு பேரு ரகசியத்தையும் சுமந்துக்கிட்டுத் தலையாட்டினதுல எனக்குக் கழுத்து வலிக்குது தம்பி. திங்கக்கிழமை கடைக்கு வந்துடு."

காளைகளோடு அவர் போய்விட்டார்.

ஈஸ்வரமூர்த்தி டீக்கடைக்கு வந்தான். குப்பண்ணன் காத்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பன் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. படிச்ச புள்ள, நீயாச்சும் சொல்லு கண்ணு. எவ்வளவு?"

கருப்புசாமியின் டம்ளர் வாய்க்குப் போகாமல் நடுவிலேயே நின்றது.

ஈஸ்வரமூர்த்தி அப்பாவின் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"துண்டுக்குள்ள பேசினதை வெளிய கேக்கலாமுங்களா, குப்பண்ணா?" என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தான்.

கருப்புசாமி அன்றைக்கு டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, மகன் பின்னாலேயே போனார்.