எந்தச் சிவப்பு?

"ஏங்க, இப்படி மாத்தி மாத்தி உத்துப் பார்த்தா போனே வெட்கப்பட்டுடும்!"

மனைவி சொன்னது சாயப்பட்டறைக்காரர் காதில் ஏறவில்லை. போன் கடை மேசையில் இரண்டு போன்கள். இரண்டிலும் ஒரே படம், அவர் பட்டறையில் சாயமேற்றிய கருஞ்சிவப்புத் துணி. அந்தத் துணியில் ஒரு துண்டு அவர் கையிலும் இருந்தது.

வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் துணி மூட்டைகள் கிடந்தன. எல்லாம் ஜவுளிக்கடை அம்மாள் திருப்பி அனுப்பியவை. போனில் படம் அனுப்பினால், "பிரமாதம், இதையே போடுங்க" என்பார். சரக்கு போய் இறங்கியதும், "நான் பார்த்த கலர் இது இல்லையே" என்பார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அந்த அம்மாளை நம்பித்தான் பட்டறையே ஓடுகிறது.

"ஒண்ணு கண்ணாடியை மாத்துங்க, இல்ல போனை மாத்துங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

விற்பனையாளர் இரண்டு போன்களையும் ஜன்னலோரம் கொண்டுபோனார்.

"துணியைப் பக்கத்துல வையுங்க சார். இதுல அச்சு அசலா அதே கலர். அதுல பாருங்க, தக்காளி மாதிரி தகதகன்னு! சினிமா பார்க்க ஜோரா இருக்கும். உங்க தொழிலுக்கு ஆகாது."

"வெயில்ல பார்த்தா?"

"வெயில்லயும் தக்காளிதான்."

"அப்புறம் என்ன யோசனை?" அவள் முதல் போனைக் கணவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் தக்காளிப் போனை எடுத்தார். "இதுக்கே பில் போடுங்க."

"சார், அது தப்பா காட்டுதுன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"கூடம் நிறைஞ்சது போதாதா? இனி சமையலறையிலயும் மூட்டை அடுக்கணுமா?" அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் துணித்துண்டை நிதானமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சாயத்துலயும் தப்பில்ல, என் கண்ணுலயும் தப்பில்ல. போன வாரம் நேர்ல போனப்பதான் கவனிச்சேன், அந்தம்மா கையில இருக்கிறது இதே போன். இனிமே படத்தை இதுல பார்த்துட்டு, அவங்க பார்க்கிற தக்காளியையே துணியில ஏத்திடுறேன்."