கோபேக்குப் போகிற கடற்கரை லைன்

"ஒசாக்காவில இருந்து கோபேக்கு மூண்டு ரயில் லைன் இருக்கெண்டு சொன்னனீ. நாளையில இருந்து நீ கடற்கரை லைனிலதான் போகோணும்."

ஜப்பானில் இருக்கும் மகன் தேனுஜனிடம், வேலணையில் இருந்துகொண்டு போனில் கத்தினார் தில்லைநாதன்.

"அது சந்திக்குச் சந்தி நிண்டு நிண்டு போறதப்பா. நடு லைன்தான் கெதியாப் போகும். எனக்கு வேலைக்குப் பிந்தும்."

"பிந்தட்டும்! நடு லைனில ஏறினாயெண்டு அறிஞ்சனெண்டால், பிறகு என்ர முகத்தில முழிக்காதை."

தேனுஜன் பட்டென்று போனை வைத்தான். இரண்டு கிழமை பேச்சில்லை. பிறகு அவனே எடுத்தான்.

"நீங்கள் சொன்ன லைன்தானப்பா நல்லது. வெள்ளென வெளிக்கிட்டால் ஆறுதலாப் போகலாம்."

வென்றுவிட்ட மிதப்பில் தில்லைநாதன் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினார். முன் சீற்றில், மகளை ஒசாக்காவுக்கு வேலைக்கு அனுப்பியிருந்த ஊர்காவற்றுறை லியோன். தில்லைநாதனைக் கண்டதும் யன்னலுக்கு வெளியே காறித் துப்பிவிட்டு, வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டு மகளுடன் கதைத்தான்.

"பிள்ளை கிறிஸ்ரினா, உனக்குப் பின்னால திரியிற அந்த வேலணைப் பெடியன் நடு லைனிலதானே போறவன்? நீ அந்த லைனை விட்டிட்டியோ?"

"ஓம் பப்பா. ரெண்டு கிழமையாக் கடற்கரை லைனிலதான் போறன்."

தில்லைநாதனும் அவளிடமிருந்து பிரிக்கத்தான் மகனை நடு லைனில் இருந்து இறக்கியிருந்தார்.

சந்திக்குச் சந்தி நின்று நின்று போகும் என்று மகன் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.