பதினோராம் நாள் மீன்

மீன் வறுபடும் வாசனை வந்ததும் அவள் ஓட்டல் படியிலேயே நின்றுவிட்டாள்.

பத்து நாளாக அந்தச் சமையலறையில் மீன் சட்டி அடுப்பில் ஏறவில்லை.

கடல் தண்ணீருக்கு மேல் மரக்கால் நட்டுக் கட்டிய ஓட்டல் அது. வருகிறவர்கள் எல்லாருமே அந்தக் கரையில் பிடிக்கிற மீனைத் தின்னத்தான் வருகிறார்கள். இந்தப் பத்து நாளும் அவர்களுக்கு முட்டையும் காய்கறியும்தான் கிடைத்தது. முகம் சுளித்தவர்களிடமெல்லாம் ஓட்டல்காரம்மா ஒரே பதிலைச் சொன்னாள்.

"தண்ணிக்குள்ள ஒரு பிள்ளை கெடக்கறப்போ, அந்தத் தண்ணி மீனை என் சட்டில போட மாட்டேன்."

அந்தப் பிள்ளை படியில் நிற்கும் இவளுடைய பிள்ளை. ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயது. கூட வேலை பார்ப்பவர்களோடு படகில் சுற்றிப்பார்க்கப் போனான். படகு கவிழ்ந்தது. மற்ற நாலு பேரும் கரையேறினார்கள், இவன் ஏறவில்லை.

அன்றிலிருந்து தினம் மத்தியானம் அவளும் புருஷனும் இங்கே வந்து ஓரத்து மேசையில் உட்கார்கிறார்கள். தேடுகிறவர்களின் படகு அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். பக்கத்து மேசைக்காரர்கள் கடலைப் படம் பிடிப்பார்கள். பாவி கடல், அழகுக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. பத்து நாளும் அவள் தட்டில் வைத்தது தட்டிலேயே ஆறிப்போனது.

இன்றைக்கு மீன் வறுபடுகிறது. அப்படியென்றால்?

அவள் தையல்காரி. துண்டு துண்டாகக் கிடப்பதை ஒட்டிப் பார்ப்பதுதான் பிழைப்பு. ஒட்டிப் பார்த்தாள்.

பிள்ளை தண்ணீருக்குள் இருந்தால் சட்டி ஏறாது. சட்டி ஏறிவிட்டது. ஆக, பிள்ளை தண்ணீருக்குள் இல்லை. எங்கேயோ கரை ஒதுங்கி, புண்ணியவான் யார் வீட்டுத் திண்ணையிலோ சுருண்டு கிடக்கிறான். போன் தண்ணீரோடு போயிருக்கும். நம்பர் எதுவும் மனப்பாடமாகத் தெரியாது அந்தக் கழுதைக்கு.

"என்னங்க, அவன் தண்ணில இல்லங்க!"

புருஷன் காலையில் எங்கோ போய்விட்டு வந்து இரண்டாம் தடவை குளித்திருந்தார். தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"இல்ல," என்றார். "உக்காரு. மொதல்ல சாப்பிடு."

முழு மீனாக வந்தது. மொறுமொறுவென்று, தட்டுக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டு. பத்து நாள் பசியும் சேர்ந்து வந்து அவள் வயிற்றைக் கிள்ளியது. வெட்கமே இல்லாமல் சாப்பிட்டாள். அவன் வந்து நிற்கும்போது அம்மா நோஞ்சான் மாதிரி இருக்கலாமா?

புருஷன் பஸ் டிரைவர். எந்தச் சாப்பாட்டையும் ஐந்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிற மனுஷன், இன்றைக்குப் பொறுமையாக முள் எடுத்து எடுத்து மீனை அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கை எங்க போயிருந்துச்சாம்?" என்று சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு.

அவர் அடுத்த முள்ளை எடுத்தார். அவர் தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

ஓட்டல்காரம்மா வந்து அவர் காதுப் பக்கம் குனிந்தாள். ரகசியம் பேசிப் பழக்கமில்லாத குரல்.

"அண்ணா, ஆஸ்பத்திரிலேருந்து மறுபடியும் போன். அக்கா கையெழுத்தும் போட்டாத்தான் உடம்பைத் தருவாங்களாம். அக்கா சாப்பிட்டு முடிச்சதும் வர்றோம்னு சொல்லிட்டேன்."

அவர் விரல் மீன் முள்ளில் அப்படியே நின்றது.

அவள் காதில் விழாதவள்போல அடுத்த வாயை எடுத்தாள். தண்ணீர் குடித்துத் தள்ளினாள். நெஞ்சுக்குள் யாரோ வீல் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே விடவில்லை.

தட்டில் வால் பக்கம் மட்டும் மிச்சம். இரண்டு வாய் வரும், இழுத்துப் பிடித்தால் மூன்று. அவள் சாப்பிடுகிற வரைக்கும் அவர் வாயைத் திறக்க மாட்டார். அவர் சொல்கிற வரைக்கும் பிள்ளை யார் வீட்டிலோ சுருண்டு கிடக்கிறான்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள். "இன்னொண்ணு கொண்டு வரச் சொல்லுங்க."