சாக்கு ஏறாத தோள்

நினிவே நகரம் நாற்பது நாளில் அழியப்போகிறது என்று எங்கிருந்தோ வந்த தீர்க்கதரிசி கத்திவிட்டுப் போனான். பயந்துபோய் ராஜா முதல் மாடுவரை சாக்கு உடுத்திக் கடவுளிடம் மன்றாடினார்கள். தேர்ப்படைத் தலைவன் பேல்தன் மட்டும் ஊதா அங்கியில் முதுகைச் சொறிந்தபடி உலாத்தினான்.

"ஒருத்தர் வீம்பு பண்ணினாலும் ஊரே போயிடுமாம். கட்டிக்குங்களேன்!" என்று மனைவி பானிது கெஞ்சினாள்.

"கழுதை கட்டுறதை நான் கட்டவா? போடி! அரிப்புக்கு எண்ணெய் கொண்டா. பாழாப்போன வெயில்!"

கெடு முடிந்தது. ஊர் அப்படியே இருந்தது.

"பாத்தியா? நான் குனியல. உன் கடவுள் என்ன பண்ணினாரு?"

"மன்னிச்சாரு. அங்கியைக் கழட்டி உள்பக்கம் பாருங்க."

கழுத்திலிருந்து கால்வரை சாக்கு வைத்துத் தைத்திருந்தாள்.

"அடிப்பாவி! தெரியாம உடுத்தினது செல்லுமா?"

"ஊர் நிக்குதே! அவரு உங்க அளவுக்குக் கறார் இல்லீங்க."

பேல்தன் அங்கியைத் திருப்பி, சாக்கு வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வீதியில் இறங்கினான்.