பட்டியலில் இல்லாத பேர்

முனீராவுக்குப் புரியவே இல்லை. திவாலிலிருந்து விடுதலை கிடைத்து இரண்டு மாதமாகிவிட்டது. கணவன் ரவூபின் சம்பளத்தில் இன்னமும் நானூறு வெள்ளி குறைந்தது.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இருந்த சொந்த ஜவுளிக்கடை நொடித்துப் போனதும், ரவூப் அதே ரோட்டில் இன்னொருவர் கடையில் துணி மடிக்கப் போனான். ஐந்து வருஷம், ஒரு மாதம்கூடத் தவறாமல் அரசாங்க அலுவலகத்துக்குத் தவணை கட்டினான். அங்கிருந்து கடன்காரர்களுக்குப் பங்கு போனது. ஓவர்டைம் காசைக் கணக்கில் காட்டாமல் கையில் தருகிறேன் என்று முதலாளி சொன்னபோதும் மறுத்துவிட்டான். முனீராவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பத்தை ஓட்டினாள்.

எல்லாம் முடிந்தது என்று கடிதம் வந்த பிறகும் இது என்ன?

"ஒருத்தருக்கு பாக்கி இருக்கு, முனீரா. சட்டப்படி இனிமே கேட்க முடியாது. ஆனா நான் கொடுத்தே தீருவேன்," என்றான் ரவூப். யாரென்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் குளிக்கப் போன நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தாள். பணம் அமீராவுக்குப் போயிருந்தது. அவள் கூடப்பிறந்த தங்கைக்கு.

முனீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை நிறையச் சம்பளம், ஒற்றை ஆள். இவளுக்கு எதற்கு எங்கள் காசு?

நேராக எம்ஆர்டி ரயில் ஏறி, புக்கிட் பாஞ்சாங்கில் அமீரா வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். சின்ன வயதுக் கதையெல்லாம் இழுத்து, திட்டித் தீர்த்தாள்.

அமீரா அவ்வளவையும் கேட்டுக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள். கடையை மூடுவதற்கு முன்னால் நாலு மாத வாடகைக்கு மச்சான் தவித்துக்கொண்டு நின்றாராம். வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்த பதினாறாயிரம் வெள்ளியை இவள்தான் எடுத்துக் கொடுத்தாளாம். திருப்பித் தர வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியும் மச்சான் கேட்கவில்லையாம்.

முனீரா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மத்த கடன்காரங்க எல்லாம் பங்கு கேட்டு மனு போட்டாங்களே. நீ ஏன்டி போடல? இந்த அஞ்சு வருஷமும் உனக்கும் பங்கு வந்திருக்குமே."

அமீரா தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

"அந்தக் கடன்காரங்க லிஸ்ட்ல என் பேரும் இருந்திருந்தா, லாத்தா, இப்படி உரிமையா என் வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருப்பியா?"